சிங்கப்பூரில் சைக்கிள் எங்கே ஓட்டலாம், எங்கே கூடாது: பாதைகளும் விதிகளும் ஒரு மதிப்பீடு

சிங்கப்பூரில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புபவருக்குத் தரையைப் பார்த்து ஓட்டத் தெரிய வேண்டும். குடியிருப்புப் பேட்டைக்குள் ஐந்நூறு மீட்டர் போவதற்குள் பாதையின் வகை இரண்டு மூன்று முறை மாறிவிடும். அது மாறும்போதெல்லாம் வேக வரம்பு மாறும், தலைக்கவசம் வேண்டுமா என்பது மாறும், மின்சைக்கிளுக்கு அனுமதி உண்டா என்பதும் மாறும். நிலப் போக்குவரத்து ஆணையமும் தேசியப் பூங்காக் கழகமும் சேர்ந்து போட்டுத் தந்திருக்கும் இந்தப் பாதைக் கட்டமைப்பு நல்ல சேவை என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. 2030க்குள் 1,300 கிலோமீட்டர் என்ற இலக்கை நோக்கி அது வளர்ந்துகொண்டும் இருக்கிறது. ஆனால் பாதை போட்ட அளவுக்கு விதிகள் மக்களிடம் போய்ச் சேரவில்லை. அபராதம் கட்டுபவர்களில் பலர் வேண்டுமென்றே மீறியவர்கள் அல்லர், தாங்கள் எந்த வகைப் பாதையில் இருக்கிறோம் என்று தெரியாதவர்கள்.

விதிகள் இப்படி அடுக்கடுக்காக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் நடைபாதையில் சைக்கிள் ஓட்டுவதே குற்றம். அந்தத் தடையை முதலில் தளர்த்தியது தெம்பனிஸ். சோதனைத் திட்டத்துக்குப் பிறகு 2010 மார்ச்சில் அந்த நகரில் மட்டும் நடைபாதையில் ஓட்டச் சட்டம் இடம் கொடுத்தது. தீவு முழுவதற்கும் அந்த உரிமை வந்தது 2018 மே மாதம், துடிப்பான போக்குவரத்துச் சட்டம் நடப்புக்கு வந்தபோதுதான். அடுத்த ஆண்டே பிடி இறுகத் தொடங்கியது. 2019 பிப்ரவரியில் நடைபாதை வேக வரம்பு மணிக்கு 15 கிலோமீட்டரிலிருந்து 10க்கு இறங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் பிடோக்கில் மின்ஸ்கூட்டர் மோதி 65 வயதுப் பெண் ஒருவர் உயிரிழந்தார். நவம்பரில் மின்ஸ்கூட்டர்கள் நடைபாதையிலிருந்து மொத்தமாக விலக்கப்பட்டன. 2025 ஜூலை 1 முதல் சில நடைபாதைகள் சாதாரண சைக்கிளுக்கும் மூடப்பட்டுவிட்டன. பதினைந்து ஆண்டுகளில் கதவு திறந்து, மீண்டும் பாதி சாத்தப்பட்டிருக்கிறது. பழைய விதியை மனதில் வைத்துக்கொண்டு இன்றைக்கும் ஓட்டுபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

தரையில் என்ன பார்க்க வேண்டும்

வெறும் சாம்பல் நிறக் கான்கிரீட், எந்தக் குறியும் இல்லை என்றால் அது நடைபாதை. சாதாரண சைக்கிள் போகலாம், மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. மின்சைக்கிளுக்கும் மின்ஸ்கூட்டருக்கும் அங்கே இடமில்லை.

சைக்கிள் சின்னமும் சிவப்புக் குறியீடுகளும் இருந்தால் சைக்கிள் பாதை. பூங்கா இணைப்புப் பாதைகளும் விதியைப் பொறுத்தவரை அதே வகை. இரண்டிலும் வரம்பு 25 கிலோமீட்டர். சைக்கிள், மின்சைக்கிள், மின்ஸ்கூட்டர் மூன்றும் போகலாம். ஆனால் இந்தப் பாதைகளில் நடப்பவர்களும் வரலாம் என்பதை மறந்துவிடக் கூடாது. ‘சைக்கிள் பாதை’ என்ற பெயரைப் பார்த்து அது சைக்கிளுக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்துக்கொண்டு, குழந்தை வண்டி தள்ளிவரும் தாயைப் பார்த்து விடாமல் மணியடிப்பவர்களுக்குச் சட்டம் துணை நிற்காது.

மூன்றாவது வகைதான் புதியது: பாதசாரிகளுக்கு மட்டுமான பாதை. சைக்கிள் பாதைக்குப் பக்கத்திலேயே ஒட்டி ஓடும் நடைபாதைகள் இப்படி மாற்றப்பட்டிருக்கின்றன. தரையில் நடக்கும் மனிதரின் சின்னம் இருக்கும். அதில் சைக்கிள் ஓட்டினால் 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். பக்கத்திலேயே உங்களுக்கென்று தனிப் பாதை இருக்கும்போது நடப்பவரின் பாதையில் ஏறாதீர்கள் என்பதுதான் இதன் சாரம். அந்த நியாயம் சரியானது. வயதானவர்கள் பின்னால் திரும்பிப் பார்க்காமல், பயமின்றி நடக்க ஓரிடமாவது வேண்டும்.

சிக்கல் முனைகளில்தான். சைக்கிள் பாதை ஒரு பேருந்து நிறுத்தத்துக்கு முன்னாலோ, கார் நிறுத்துமிட வாசலிலோ, கட்டுமான வேலி போட்ட இடத்திலோ திடீரென்று முடிந்துவிடும். அங்கிருந்து மறுபடி சிவப்புக் கோடு தொடங்கும் வரை நீங்கள் இருப்பது சாதாரண நடைபாதையில். அப்போது 25 கிலோமீட்டர் வேகம் 10க்கு இறங்கியாக வேண்டும். சின்னம் முடிந்த இடத்தில் பிரேக்கைப் பிடிப்பது தாமதம். சின்னம் முடியப்போகிறது என்று கண்ணில் பட்டதுமே பெடலை நிறுத்திவிட வேண்டும். அடுத்த சின்னம் எங்கே என்று தெரியாத குழப்பத்தில் பலர் பக்கத்துப் பாதசாரிப் பாதையில் ஏறிவிடுகிறார்கள். பாதை முடியும் ஒவ்வோர் இடத்திலும் ‘அடுத்த சைக்கிள் பாதை இத்தனை மீட்டரில்’ என்று தரையிலேயே எழுதிவிட்டால் பாதித் தவறு நின்றுவிடும். இந்தச் சேவையில் நாங்கள் காணும் மிகப் பெரிய குறை இதுதான்.

பத்துக் கிலோமீட்டர் என்றால் எவ்வளவு

பெரும்பாலான சைக்கிள்களில் வேகமானி கிடையாது. பத்து என்பது எவ்வளவு மெதுவானது என்று காலுக்குத் தெரிய வேண்டும். சாதாரணமாக நடப்பவர் மணிக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர் போகிறார். பத்து என்பது நிதானமாக மெதுவோட்டம் ஓடுபவரின் வேகம்.

கணக்குப் போட்டும் பார்க்கலாம். 26 அங்குலச் சக்கரம் ஒரு முறை சுற்றினால் சைக்கிள் ஏறத்தாழ 2.1 மீட்டர் முன்னே போகும். முன் பல்சக்கரத்தில் பின்னதைப் போல இரு மடங்கு பல் இருந்தால், பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் இரண்டு சுற்று, அதாவது 4.2 மீட்டர். பத்துக் கிலோமீட்டர் வேகத்துக்கு நிமிடத்துக்கு 167 மீட்டர் போக வேண்டும். ஆக, நிமிடத்துக்கு 40 முறை பெடல் சுற்றினால் போதும். மூன்று விநாடிக்கு இரண்டு சுற்று. அதற்கு மேல் கால் சுற்றுகிறது என்றால் நடைபாதையில் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். உங்கள் சைக்கிளில் பற்களை எண்ணி இதே கணக்கை ஒரு முறை போட்டு வைத்துக்கொண்டால் வேகமானி வாங்க வேண்டிய அவசியமே இல்லை. அதே சைக்கிள் 25ஐத் தொட நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட நூறு சுற்று தேவை. சமதளத்தில் அவ்வளவு வேகமாகப் பலரால் மிதிக்க முடியாது. இப்படி இரு மடங்குப் பல் விகிதம் உள்ள ஒற்றைக் கியர் சைக்கிள் வைத்திருப்பவர்கள் பூங்கா இணைப்புப் பாதையில் வேக வரம்பைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். இறக்கத்தில் மட்டும் கவனம் போதும்.

வரம்பு ஏன் இவ்வளவு குறைவு என்பதற்கும் கணக்கில் விடை உண்டு. 25 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு ஏழு மீட்டர் போகிறோம். எதிரே ஒருவர் வருவதைப் பார்த்துக் கை பிரேக்கைப் பிடிக்கவே ஒரு விநாடி ஆகும். பிடித்த பிறகு காய்ந்த தரையில் நிற்க இன்னும் ஆறு மீட்டர் ஆகும். மொத்தம் 13 மீட்டர். பத்தில் போனால் அதே கணக்கு நான்கு மீட்டருக்குள் முடிந்துவிடும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளுக்கு இடையிலான நடைபாதையில் தூணுக்குப் பின்னாலிருந்தோ மின்தூக்கி முகப்பிலிருந்தோ ஒரு குழந்தை ஓடிவந்தால் உங்களுக்குக் கிடைப்பது மூன்று நான்கு மீட்டர்தான். மழை நாளில், விளிம்பில் பிடிக்கும் ரப்பர் பிரேக் என்றால், இந்தத் தூரம் இன்னும் நீளும்.

புளோக் கீழ்த்தளங்களில் ஓட்டுவது தனி விஷயம். அங்கே பொறுப்பு நகர மன்றங்களுடையது. பல இடங்களில் சைக்கிளோட்டத் தடை விதித்துப் பலகை வைத்திருக்கிறார்கள். பலகை இல்லாத கீழ்த்தளத்திலும் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் முறை. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள், விளையாடும் பிள்ளைகள், ஒரு நாள் திருமணம், மறுநாள் துக்க வீடு என்று மக்கள் கூடும் இடம் அது.

இறங்கித் தள்ள வேண்டிய இடங்கள்

நடையர் மேம்பாலங்களில் இறங்கித் தள்ள வேண்டும். சாய்தளம் இருப்பதாலேயே ஓட்டிக்கொண்டு போகலாம் என்று பொருள் இல்லை. அது சக்கர நாற்காலிக்காகவும் குழந்தை வண்டிக்காகவும் போட்டது. நடையர் சுரங்கப்பாதைகளில் முகப்பில் இருக்கும் பலகையைப் பார்த்து நடந்துகொள்ளுங்கள்.

சாலையைக் கடக்கும் இடத்தில் சட்டம் சொல்வது: நின்று, வாகனம் வருகிறதா என்று பார்த்து, அதன் பிறகு நடை வேகத்தில் கடக்க வேண்டும். பச்சை மனிதன் எரிந்தாலும் இது பொருந்தும். பாதசாரிக் கடப்புக்குப் பக்கத்தில் சைக்கிள் சின்னம் போட்ட தனிக் கடப்பு இருந்தால் அதில் போங்கள். இடப்பக்கம் திரும்பும் லாரியின் ஓட்டுநர் நடையர் வேகத்தில் வருபவரைத்தான் எதிர்பார்க்கிறார். அவர் கண்ணாடியில் பார்த்து முடித்த பிறகு பத்து மீட்டர் பின்னாலிருந்து பாய்ந்து வரும் சைக்கிள் அவர் கண்ணுக்குத் தெரியாது. கடப்புகளில் நடக்கும் விபத்துகளுக்கு இதைவிட எளிய விளக்கம் இல்லை.

பேருந்து நிறுத்தத்தில் நடைபாதை நிறுத்தத்துக்குப் பின்னால் போகிறதா முன்னால் போகிறதா என்று பாருங்கள். முன்னால் போகிறதென்றால் பேருந்திலிருந்து இறங்குபவர் நேராக உங்கள் மேல்தான் இறங்குவார். அங்கே தள்ளிக்கொண்டு போவதைத் தவிர வேறு வழி சொல்வதற்கில்லை.

சாலையில்

சாதாரண சைக்கிளும் மின்சைக்கிளும் சாலையில் போகலாம். மின்ஸ்கூட்டர் போகக் கூடாது. விரைவுச்சாலைகளும் சாலைச் சுரங்கங்களும் எல்லாருக்கும் தடை. மேலும் சில மேம்பாலச் சாலைகளில் சைக்கிள் தடைப் பலகை இருக்கும். ஏறுவதற்கு முன்பே கண்ணில் படும்படி வைத்திருக்கிறார்கள், ஏறிய பிறகு திரும்பி வர வழி கிடையாது.

சாலையில் இறங்கினால் தலைக்கவசம் கட்டாயம். நடைபாதையிலோ சைக்கிள் பாதையிலோ போகும்போது குறுக்கே ஒரு சாலையைக் கடப்பதற்கு மட்டும் விலக்கு உண்டு. இரவு 7 மணி முதல் காலை 7 மணி வரை முன்னால் வெள்ளை விளக்கு எரிய வேண்டும். பின்னால் சிவப்பு விளக்கோ சிவப்புப் பிரதிபலிப்பானோ இருக்க வேண்டும். எங்கள் பரிந்துரை பிரதிபலிப்பானோடு நிறுத்திக்கொள்ளாமல் விளக்கும் போடுவது. பிரதிபலிப்பான் மேல் பிறர் வாகன வெளிச்சம் நேராக விழுந்தால்தான் அது தெரியும். வளைவில் திரும்பிவரும் லாரியின் வெளிச்சம் கடைசி நொடியில்தான் விழும்.

சாலையின் இட ஓரமாக, வாகனங்கள் போகும் திசையிலேயே போக வேண்டும். இருவர் பக்கம் பக்கமாகப் போக அனுமதி உண்டு. ஆனால் ஒரு திசைக்கு ஒரே தடம் உள்ள சாலையிலும், பேருந்துத் தடத்தில் அது நடப்பில் இருக்கும் நேரத்திலும் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும். சாதாரணப் பேருந்துத் தடம் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6.30 முதல் 9.30 வரையும், மாலை 5 முதல் 8 வரையும் நடப்பில் இருக்கும். சிவப்புக் கோடும் சேர்ந்திருந்தால் அது முழுநாள் தடம். திங்கள் முதல் சனி வரை காலை 7.30 தொடங்கி இரவு 11 வரை.

குழுவாகப் போவோருக்கு 2022 ஜனவரி முதல் நீள வரம்பு இருக்கிறது. ஒற்றை வரிசையில் ஐந்து பேர், இரட்டை வரிசையில் பத்துப் பேர். அதற்கு மேல் இருந்தால் பிரிந்து போக வேண்டும். இரு குழுக்களுக்கு இடையே ஏறத்தாழ 30 மீட்டர், அதாவது இரண்டு விளக்குக் கம்ப இடைவெளி விட வேண்டும் என்பது ஆலோசனை. நீள வரம்பை மீறினால் 150 வெள்ளி அபராதம். ஞாயிறு காலை சாங்கிப் பக்கம் போகும் பெரிய குழுக்கள் இதில்தான் தடுமாறுகின்றன: சிவப்பு விளக்கில் பின்னால் வரும் குழு முன்னால் நிற்பதோடு ஒட்டிக்கொள்கிறது, பச்சை எரிந்ததும் பதினைந்து பேரும் ஒன்றாகக் கிளம்பிவிடுகிறார்கள். பின்குழுவின் தலைவர் விளக்கு மாறியதும் பத்து விநாடி தாமதித்துக் கிளம்பினால் இடைவெளி தானாக உருவாகிவிடும். வாகனமோட்டிகளுக்கும் ஒரு வழிகாட்டல் இருக்கிறது. சைக்கிளைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டராவது விட வேண்டும். அதை எல்லாரும் கடைப்பிடிப்பதில்லை என்பது சாலையில் ஓட்டும் எவருக்கும் தெரியும். அதனால் ஓரக் கால்வாயை உரசிக்கொண்டு போகாமல் விளிம்பிலிருந்து அரை மீட்டரோ சற்றுக் கூடுதலோ தள்ளி, நேர்கோட்டில் போங்கள். கால்வாய்க் கம்பி மூடிகளைத் தவிர்க்க நெளிந்து நெளிந்து போகும் சைக்கிளைத்தான் பின்னால் வருபவரால் கணிக்க முடியாது.

மின்சைக்கிள் வாங்குவோர் கவனத்துக்கு

துவாஸ், கிராஞ்சி, சுங்கை காடுட் பக்கத் தங்குவிடுதிகளிலிருந்து வேலைக்குச் சைக்கிளில் போகும் தமிழ் ஊழியர்கள் நிறையப் பேர். வேலை முடிந்து களைத்து வரும்போது மின்சைக்கிள் மீது ஆசை வருவது இயல்பு. கைம்மாறி வரும் மின்சைக்கிள்களில்தான் ஏமாற்றம் அதிகம் என்பதால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

சிங்கப்பூரில் சட்டப்படி செல்லும் மின்சைக்கிளின் மோட்டார் 250 வாட்டுக்கு மிகாது. மிதித்தால் மட்டுமே அது உதவும். வேகம் கூடக்கூட உதவி குறைந்து, 25 கிலோமீட்டரில் அறவே நின்றுவிடும். எடை 20 கிலோவுக்கு மிகக் கூடாது. ஈஎன் 15194 என்ற ஐரோப்பிய மின்சைக்கிள் தரநிலைக்கு உட்பட்டிருக்க வேண்டும். ஆணையத்தின் ஆரஞ்சு நிற முத்திரை சைக்கிளின் உடற்சட்டத்தில் ஒட்டியிருக்கும், பின்னால் பதிவு எண் பலகை இருக்கும். ஓட்டுபவருக்கு 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2022 முதல் இணையவழிக் கோட்பாட்டுத் தேர்விலும் தேறியிருக்க வேண்டும்.

வாங்குமுன் செய்ய வேண்டியது இதுதான். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, மின்விசையைப் போட்டு, பெடலைத் தொடாமல் கைப்பிடியில் இருக்கும் ஒவ்வொரு திருகியையும் பொத்தானையும் தொட்டுப் பாருங்கள். சக்கரம் தானாக முழுவேகத்தில் சுற்றினால் அது மோட்டார் சைக்கிள்போலத் திருகி ஓட்டும்படி மாற்றப்பட்டது. மலிவு விலைக்குத் தந்தாலும் வேண்டாம். அடுத்து முத்திரை. ஓரம் உரிந்து, வேறு சைக்கிளின் உடற்சட்டத்திலிருந்து எடுத்து ஒட்டியதுபோல் இருந்தால் விலகிவிடுங்கள். பின்பு மின்கலம். மூலப் பெட்டிக்குப் பதிலாகப் பையில் கட்டித் தொங்கவிட்ட இரண்டாவது மின்கலம் இருக்கிறதா என்று பாருங்கள். அது எடையை 20 கிலோவுக்கு மேல் கொண்டுபோய்விடும் என்பது ஒரு பக்கம். பொருந்தாத மின்னேற்றியில் இரவு முழுக்கப் போட்டுவைத்தால் சூடேறித் தீப்பிடிக்கும் என்பது அதைவிடப் பெரியது. பத்துப் பேர் தூங்கும் அறையில் அதைச் செய்வது எல்லார் உயிரோடும் விளையாடுவது. கடைசியாக, பதிவு உங்கள் பெயருக்கு மாறாமல் பணம் கொடுக்காதீர்கள். ‘பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்று சொல்பவரை நம்பினால், பிடிபடும்போது வண்டியும் போகும், பதில் சொல்லவும் ஆளிருக்காது.

மின்சைக்கிள் நடைபாதையில் ஏறக் கூடாது என்பதை மீண்டும் சொல்கிறோம். மின்விசையை அணைத்துவிட்டு மிதித்தாலும் அது மின்சைக்கிள்தான். சைக்கிள் பாதை இல்லாத தொழிற்பேட்டைச் சாலையில் அதற்கு இருப்பது இரண்டே வழி: தலைக்கவசத்தோடு சாலை, இல்லையென்றால் இறங்கித் தள்ளுதல். கனரக லாரிகள் ஓடும் சாலையில் இது கொடுமையான தேர்வு. தொழிற்பேட்டைகளுக்கு முன்னுரிமை கொடுத்துப் பாதை போட வேண்டும் என்று நாங்கள் அழுத்தமாகச் சொல்வது இதனால்தான். வார இறுதியில் பொழுதுபோக்க வருபவருக்குப் பாதை இருப்பது நல்லது. விடியற்காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போகிறவருக்கு அது இல்லாமல் முடியாது. அதுவரை ஒரு பழக்கத்தை விடாமல் கடைப்பிடியுங்கள்: சந்திப்பில் நிற்கும் லாரியின் இடப்பக்கத்தில் நுழையாதீர்கள். அதன் பின்னால், ஓட்டுநரின் கண்ணாடி உங்களுக்குத் தெரியும் இடத்தில் நில்லுங்கள்.

வாடகைப் பகிர்வு சைக்கிள்

எனிவீல், ஹலோரைடு இரண்டும் உரிமம் பெற்று நடத்துகின்றன. ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு இதைவிட எளிய வழி இல்லை. குறை ஒன்று உண்டு, அது விதியிலிருந்து வருவது. சாலையில் தலைக்கவசம் கட்டாயம், ஆனால் பகிர்வு சைக்கிளோடு தலைக்கவசம் வருவதில்லை. ஆகவே சொந்தத் தலைக்கவசம் இல்லாதவருக்கு இந்தச் சைக்கிள் நடைபாதை, சைக்கிள் பாதை, பூங்கா இணைப்புப் பாதை ஆகியவற்றுக்கு மட்டுமே உரியது. பயணத்தின் நடுவே சாலையில் இறங்க நேரும் வழி என்றால் வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள்.

எடுக்குமுன் மூன்று இடம் பாருங்கள்: இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா, இருக்கைக் குழாயின் பிடி இறுகுகிறதா, விளக்கு எரிகிறதா. பொதுப்பாதையில் ஓடும் எந்தச் சைக்கிளுக்கும் வேலை செய்யும் கைப்பிரேக் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். பிரேக்கே இல்லாத நிலைப்பல் சைக்கிள்களை மனதில் வைத்து வந்த விதி அது. அவற்றைப் பெடலை எதிர்த்து மிதித்துத்தான் நிறுத்த வேண்டும். கால் நழுவினால் நிறுத்த எதுவுமே இல்லை. 2020 ஆகஸ்ட் முதல் ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதும் குற்றம். வழி பார்க்க வேண்டுமென்றால் தாங்கியில் மாட்டிக்கொள்ளுங்கள், இல்லையேல் நின்று பாருங்கள்.

திருப்பி விடும்போதுதான் பணம் போகிறது. தரையில் வரைந்த மஞ்சள் பெட்டிக்குள்ளோ நிறுத்துசட்டத்திலோ வைத்து, அங்கிருக்கும் கியூஆர் குறியீட்டை வருடிய பிறகே பயணம் முறையாக முடியும். வருடாமல் முடித்தால் ஒவ்வொரு முறையும் 5 வெள்ளி. ஓராண்டுக்குள் மூன்று முறை தவறினால் ஒரு மாதம் வரை எல்லா நிறுவனத்திலும் தடை. குறியீடு உரிந்தோ வெயிலில் வெளுத்தோ இருந்தால் முதலில் அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு செயலியில் புகார் கொடுங்கள். படம் இல்லாமல் பின்னால் வாதாடிப் பயனில்லை. போய்ச் சேரும் இடத்தில் நிறுத்துமிடம் இருக்கிறதா என்று கிளம்புமுன்னே செயலி வரைபடத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. மாலையில் ரயில் நிலைய வாசல்களில் பெட்டிகள் நிரம்பி வழியும்.

பூங்காக்களும் நீண்ட பாதைகளும்

பூங்கா என்றாலே ஓட்டலாம் என்று எண்ணிவிட வேண்டாம். தாவரவியல் பூங்காவில் சைக்கிளுக்கு இடமில்லை. மெக்ரிட்சி காட்டுத் தடங்களிலும் இல்லை. புக்கிட் தீமாவில் மலைச்சைக்கிளுக்கென்று ஒதுக்கிய தடத்தில் மட்டும் ஓட்டலாம்.

நீண்ட தூரம் போக விரும்புவோருக்கு இந்தச் சேவையின் சிறந்த பகுதி, தீவைச் சுற்றிவரும் பாதையின் கிழக்குப் பாதி. மொத்தத் திட்டம் 150 கிலோமீட்டர். சிலேத்தார் பக்கம் ரோவர்ஸ் பேயிலிருந்து கிழக்கே வளைந்து தெற்கில் பெர்லேயர் கிரீக் வரையிலான 75 கிலோமீட்டர் 2021 கடைசியில் முடிந்தது. பெரும்பகுதி சமதளம், கடலோரம், சந்திப்புகள் குறைவு. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காப் பகுதியைச் சனி ஞாயிறு மாலையில் மட்டும் தவிர்த்துவிடுங்கள். வாடகைக்கு நான்கு சக்கர மிதிவண்டி எடுத்துக் குறுக்கும் நெடுக்கும் போகும் குடும்பங்களுக்கு நடுவே 25இல் போக நினைப்பதே தவறு.

பழைய மலாயா ரயில் தடத்தில் அமைந்த 24 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு அகலமான டயர் வேண்டும். சரளையும் புல்லும் கலந்த தரை. சாலைச் சைக்கிளின் 25 மில்லிமீட்டர் டயர் மழைக்குப் பிறகு வழுக்கும். 35க்கு மேல் இருந்தால் நிம்மதி.

ரயிலையும் சைக்கிளையும் சேர்த்துப் பயன்படுத்த விரும்பினால் மடக்கு சைக்கிள்தான் வழி. மடக்கிய பிறகு 120 செ.மீ. நீளம், 70 உயரம், 40 அகலத்துக்குள் இருந்தால் நாள் முழுவதும் எந்த நேரத்திலும் ரயிலில் கொண்டுபோகலாம். கடையில் அளக்கும்போது பெடலும் கைப்பிடியும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். விளம்பர அட்டையில் போட்டிருக்கும் அகலம் 36, உண்மையில் பெடலோடு 42 என்று வருவது சகஜம். மடங்கும் பெடல் மாற்றினால் பெரும்பாலும் அந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். பேருந்தில் ஒரு நேரத்தில் ஒரே மடக்கு சைக்கிள்தான், அதுவும் கீழ்த்தளத்தில் மட்டும். நீங்கள் ஏறும்போது ஏற்கெனவே ஒன்று இருந்தால் அடுத்த பேருந்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான். மழையில் நனைந்த சைக்கிள் என்றால் சக்கரத்தை உறையில் சுற்றிக்கொண்டு ஏறுங்கள்.

மோதல் நடந்துவிட்டால், சிறு கீறலாக இருந்தாலும், நின்று உதவி செய்து உங்கள் விவரத்தைக் கொடுப்பது சட்டக் கடமை. பயத்தில் நழுவிப் போனால் அதுவே தனிக் குற்றமாகிவிடும். பாதைக் குறி, வெளிச்சம், பார்வையை மறைத்த செடி, எல்லாவற்றையும் அப்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யார் எந்தப் பாதையில் இருந்தார் என்ற கேள்விதான் முதலில் வரும்.